பிளாட்டினத்துக்கு என்ன பத்தியம்?

என் அத்தையிடம் ஒரு மாத்திரையை நீட்டினால், அதை வாங்குவதற்கு முன் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இதுக்கு என்ன பத்தியம்?" தலைவலி மாத்திரையானாலும் சரி, இருமல் மருந்தானாலும் சரி, இந்தக் கேள்வி வந்தே தீரும். பத்தியம் ஒன்றும் கிடையாது, எல்லாம் சாப்பிடலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த மருந்து அவளைப் பொறுத்தவரை மருந்தே இல்லை. ராஜபாளையத்தில் நன்றாகப் படித்த இரண்டு டாக்டர்களை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கி வைத்தாள். மூன்றாவதாக ஒருவர், பாவம், இவளிடமிருந்து தப்பித்தால் போதும் என்று "கத்தரிக்காய் மட்டும் வேண்டாம்மா" என்று சொல்லிவைத்தார். சாகும்வரை அவரைத்தான் கைராசிக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாம வாயைக் கட்டலேன்னா மருந்து நம்மள எங்கிட்டு மதிக்கும்?" என்பாள். இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நீதிபதியின் களை வந்துவிடும். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் சிறுமியாக இருந்தபோதே மாமா தவறிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, விசைத்தறிகளில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தாள். மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த நான்தான் அவளுக்குக் கைக்கெட்டிய உறவு. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் உட்கார்ந்து முகத்தைத் துடைப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். என் கஷ்டமெல்லாம் இந்தக் குறைந்த தூரத்தால் வந்தது.

நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சேதி போன மறுநாளே அத்தை கீழாநெல்லிக் கட்டோடு வந்து இறங்கினாள். உப்பு கிடையாது, புளி கிடையாது, எண்ணெய் கிடையாது. உப்பில்லாத மோர்ச் சோற்றை மூன்று வேளையும் தின்றேன். அவள் ஊர் நாட்டு வைத்தியர் சொன்ன கெடு முடிந்தது. கண் வெளுத்தது. அத்தை விடவில்லை. "கண்ணு வெளுத்தாப் போதுமா? உள்ள வெளுக்க வேண்டாமா?" என்று இன்னும் ஒரு பாதிக் கெடு அவளாகச் சேர்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் போய் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் வாங்கி நக்கிவிட்டு வந்தேன். வாசலிலேயே நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, மோந்து பார்த்தாள். அன்றிலிருந்து கெடு புதிதாக ஆரம்பித்தது. காமாலை என்னை விட்டுப் போன பிறகும் அத்தை போகவில்லை.

மனிதர்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவள் வீட்டில் ஒரு வெள்ளை நாய் இருந்தது, அந்த ஊர் ஜாதிதான். அதற்குச் சொறி வந்து ஊசி போட்டுவிட்டு வந்தார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறது என்று நாய்க்குக் கறியை நிறுத்திவிட்டுக் கஞ்சி ஊற்றினாள். நாய் ஒரு நாள் பார்த்தது, மறுநாள் தெருமுனைக் கறிக்கடையில் போய்க் குடியேறிவிட்டது. அத்தை கடைக்கே போய், கூடியிருந்த கூட்டத்தின் நடுவில் கடைக்காரரைப் பிடித்தாள். "மருந்து எடுக்குற நாய்க்கு எலும்பைப் போடுறியே, நீ நல்லாருப்பியா?" அதற்குப் பிறகு தெருவில் அவளுக்குப் பத்தியக்காரி என்றே பெயர். அவளுக்கு அதில் பெருமை வேறு.

இப்படிப்பட்டவளுக்குத்தான் எண்பதுகளின் கடைசியில் வயிறு வீங்கத் தொடங்கியது. வாயுவென்று பூண்டு தின்றாள், சூடென்று வெந்தயம் குடித்தாள், இரண்டுக்கும் தனித்தனியே பத்தியம் இருந்தாள். சேலைக் கொசுவம் நிற்காத நிலை வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சினைப்பையில் புற்று. அறுவை சிகிச்சை முடிந்து, மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்ல டிரிப்பில் மருந்து ஏற்ற வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார்கள்.

டாக்டர் பொறுமையான மனிதர். அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, எதிர்பார்த்தபடியே கேட்டாள்.

"இதுக்கு என்ன பத்தியம் சார்?"

"பத்தியமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா சாப்பிடுங்க. தண்ணி மட்டும் நிறையக் குடிக்கணும். வாந்தி வந்தாலும் குடிக்கணும்."

அத்தையின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்திருக்க வேண்டும். மருந்தின் மேல் அவளுக்கு மதிப்பு வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இது லேசுப்பட்ட மருந்து இல்லம்மா. உள்ள பிளாட்டினம் இருக்கு. தங்கத்தை விட ஒசந்த உலோகம்" என்றார்.

அவ்வளவுதான். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தில் உலோகம் என்றால் பஸ்பம். பஸ்பம் என்றால் பத்தியம். தங்க பஸ்பத்துக்கே உப்பும் புளியும் ஆகாது என்றால், தங்கத்தை விட உயர்ந்ததற்கு எப்படி இருக்கும்? டாக்டர் நல்லவர், ஆனால் விவரம் பத்தாது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்கு அது தெரியவில்லை. மருந்தை மதிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் டிரிப் அன்று நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். அத்தை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, அது என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணி பாட்டி. மருந்தை இதுலதான் கலந்து ஏத்துவோம்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். கண்ணில் அப்படி ஒரு அதிர்ச்சி. பாலில் விஷம் கலப்பதைப் பார்த்தவள்போல இருந்தாள். சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது. அந்த மருந்துக்கு வாந்தி கடுமையாக வரும், அதற்கு அப்போது இன்றைக்கு இருப்பது போல நல்ல மாத்திரைகள் பரவலாகக் கிடையாது. குடலே வெளியே வந்துவிடும்போலக் குமட்டிவிட்டு, தலையணையில் சாய்ந்து, மெல்லிய குரலில் சொன்னாள். "உப்புல கலந்தானுக பாத்தியா. அதான் முறிச்சுருச்சு."

புற்றுக்கு மருந்து ஏறும் உடம்பு, எதையோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது டிரிப்புக்குப் போனபோது ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, பொறுமையான அந்த டாக்டர் முதல்முறையாக எரிந்து விழுந்தார், என் மேல். சிறுநீரகம் அடி வாங்கியிருந்தது. "வீட்டுல தண்ணி குடிக்கிறாங்களா இல்லையா?" குடிக்கிறாள் என்று சத்தியம் செய்தேன். "இன்னைக்கு ஏத்த முடியாது. ரெண்டு வாரம் பாப்போம். கிட்னி தேறலேன்னா இந்த மருந்தை நிறுத்த வேண்டியதுதான். இதை விட்டா இவங்களுக்கு வேலை செய்யறதுக்கு எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல." மருந்து நின்றால் புற்று திரும்பும், திரும்பினால் அத்தை இருக்க மாட்டாள். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ராஜபாளையம் போனேன். நேராக அடுப்படிக்குள் நுழைந்தேன். உப்புச் சாடி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பானையில் கஞ்சி இருந்தது. வாயில் விட்டுப் பார்த்தேன், ஒரு கல் உப்பு இல்லை. பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன டம்ளர். ஒரு நாளைக்கு அவள் குடிக்கும் தண்ணீர் அவ்வளவுதானாம். பஸ்பத்துக்குத் தண்ணீர் அதிகம் ஆனால் வீரியம் கரைந்து போகுமாம். ஆஸ்பத்திரியில் அவர்கள் உப்பைக் கலந்து கெடுப்பதை, வீட்டில் இவள் உப்பை விட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருந்தாள்!

"கொன்னுட்டீகளே அத்தே! உங்களை நீங்களே கொன்னுக்கிட்டு இருக்கீக!" என்று கத்தினேன். கொட்டகையில் வேலைக்கிருந்த தறிக்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எதுக்குட்டி கத்துத? பத்தியம் இருக்கேன். கறியும் மீனுமா தின்னேன்?"

எனக்கு வாய்த்த ஒரே ஆயுதம் வேதியியல். கொட்டகையில் மூட்டை கட்டுவதற்கு வைத்திருந்த முறுக்கு நூலில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இந்தா பாருங்க. ரெண்டு இழை முறுக்கியிருக்கா? நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இதே மாதிரி ஒரு முறுக்கு நூல் இருக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. செல்லு ஒண்ணு ரெண்டாகணும்னா இந்த முறுக்கைப் பிரிச்சு, பழைய இழையைப் பாத்துப் புது இழை போடணும். புத்து செல்லு இந்த வேலையை நிறுத்தாமப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"சரி."

"இப்ப உங்க பிளாட்டினம். மதுரை பஸ்ஸுல ரெண்டு கையிலயும் பையோட வர்ற ஆளுன்னு வச்சுக்கோங்க. கையில பை இருக்க வரைக்கும் அந்த ஆளு எதையும் பிடிக்க முடியாது. அந்தப் பைதான் குளோரின். உப்புல இருக்குதே, அதே குளோரின்தான். ரத்தத்துல உப்பு நிறைய. அதனால பை கையை விட்டு எறங்காது. செல்லுக்குள்ள போனா உப்பு கம்மி. அங்கதான் பையை எறக்கி வைக்கும். கை காலியாயிரும். காலியான ரெண்டு கையாலயும் முறுக்கு நூலைப் பிடிச்சுக்கிடும்."

என் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் குத்தி, இழுத்து மாட்டினேன். நூல் அந்த இடத்தில் மடங்கி முண்டிக்கொண்டு நின்றது. அந்த இடத்துக்குக் குவானின் என்று பெயர் உண்டு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குவானின்களைத்தான் பிளாட்டினம் விரும்பிப் பிடிக்கும் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொன்னேன். இரண்டு கையும் ஒரே பக்கம் இருக்கிற பிளாட்டினம்தான் இந்த மருந்து. கை ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று எதிர்ப்பக்கமுமாக இருக்கிற வேறொரு கூட்டும் உண்டு, அதே சரக்குதான், ஆனால் அதனால் இப்படிப் பக்கத்து இடங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது, புற்றுக்கு ஆகாது.

அத்தை நூலை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "இப்பிடி முண்டு விழுந்தா தறியில ஓடாதே."

"அதேதான்! ஓடாது. செல்லு அதைச் சரிபண்ணப் பாக்கும். முடியலேன்னா செத்துப் போகும்."

"நல்ல நூலையும் பிடிக்குமோ?"

"பிடிக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், போற வழியில அங்கயும் கையை வைக்கும். தண்ணி நிறையப் போனா அடிச்சுக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் அம்புட்டுத் தண்ணியும் உப்பும். இப்பவாவது வெளங்குச்சா?"

"வெளங்குச்சு" என்றாள் அத்தை. எனக்கு உயிர் வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் வகுப்பில் கூட நடத்தியதில்லை. அவள் ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, நூலை நீவி நேராக்கினாள்.

"எல்லாம் சரிதான். ஆனா உப்பு மட்டும் வேண்டாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பிடி என்ன பகை உங்களுக்கு அந்த உப்பு மேல? அது உங்களை என்ன செஞ்சுச்சு?"

அத்தை சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமாவுக்கும் காமாலைதான்" என்றாள். "பத்தியம் இருந்தாக. வயிறு வீங்கிக் கெடந்தாக. நாக்கு செத்துப் போச்சு, ஒரே ஒரு வாய் புளிக்கொழம்பு ஊத்தித் தாயேன்னு கெஞ்சுனாக. ஒரு நா, ரெண்டு நா இல்ல. பொறுக்க மாட்டாம நானே வச்சுக் குடுத்தேன். ரெண்டு வாய் தின்னாக. மறுநா பொழுது வெளுக்க, ஆளு இல்ல."

அந்த வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். ரசம் உண்டு, கூட்டு உண்டு, புளிக்குழம்பு மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. அதுவும் அவளுடைய கிறுக்குகளில் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒரு துண்டு ஊறுகாய்க்காக என் கையை அவள் மோந்து பார்த்தது ஞாபகம் வந்தது. கோபப்பட்டு வந்த எனக்கு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அத்தே, வயிறு வீங்குற அளவுக்குப் போயிட்டா ஈரல் முழுசா போயிருச்சுன்னு அர்த்தம். கொழம்பு ஒண்ணும் செய்யல. நீங்க குடுக்கலேன்னாலும் மாமா போயிருப்பாக."

"நீ அப்ப பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்ச. உனக்கு என்ன தெரியும்?"

வேதியியலை அதோடு மூட்டை கட்டி வைத்தேன். கடைசியில் ஆத்திரமும் அலுப்புமாகச் சொன்னேன்.

"சரி. இதுக்கும் பத்தியம் உண்டு. டாக்டருக்குச் சொல்லத் தெரியல. உப்பும் தண்ணியும்தான் இந்தப் பிளாட்டினத்துக்குப் பத்தியம். உப்பை விட்டீகன்னா பத்தியத்தை முறிச்ச மாதிரி."

பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. அத்தை பயந்து நான் பார்த்ததில்லை. வயிற்றில் புற்று என்று சொன்ன அன்றுகூட அவள் பயப்படவில்லை.

"நான் முறிச்சுட்டனாட்டி?"

"இன்னும் முறியல. டாக்டர் ரெண்டு வாரம் கெடு குடுத்திருக்காரு."

அவள் எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த சாடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மாவிடம் உப்புக் கடன் வாங்கப் போனாள். கடையில் வாங்கிவரும் வரை பொறுக்க முடியவில்லை. ரத்தத்தில் இருக்கும் உப்பைப் பெரும்பாலும் உடம்பே பார்த்துக்கொள்ளும், கஞ்சியில் போடும் உப்பை நம்பிப் பிளாட்டினம் காத்திருப்பதில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஒரு வழியாக இறங்கி வந்தவளைத் திரும்ப ஏற்றிவிட நான் என்ன முட்டாளா?

அதன் பிறகு அவள் செய்த அழிச்சாட்டியம் தனி. தண்ணீருக்கென்று ஒரு பித்தளைச் செம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டு பூஜைபோலக் குடித்தாள். மோரில் உப்பு, கஞ்சியில் உப்பு. நான் போனால் என் முன்னாலும் ஒரு செம்பு வரும். எனக்குப் புற்று இல்லையே என்றால், "நல்ல நூலும் கெட்டுப் போகாம இருக்கணும்ல?" என்பாள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேறியிருந்தது. மருந்தைத் தொடரலாம் என்றார். வார்டில் அத்தை கட்டில் கட்டிலாகப் போய், "உப்பும் தண்ணியும்தான் பத்தியம். இவுகளுக்குச் சொல்லத் தெரியாது" என்று மற்ற நோயாளிகளுக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்தாள். எந்த மருந்து, என்ன நோய் என்று விசாரிப்பதில்லை. ரத்தக் கொதிப்புக்காரம்மா ஒருத்திக்கு உப்பு மோர் கலக்கிக் கொடுக்கப் போனதை நர்ஸ் கடைசி நிமிஷத்தில் தட்டிப் பறித்தாள். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மருந்து சிலருக்குக் காதையும் கொஞ்சம் தொடும். அத்தைக்கு இரைச்சல் கேட்கத் தொடங்கி, காது மந்தமானது. இனி நான் சொல்வது எதுவும் அவள் காதில் விழாதே என்று வருத்தப்பட்டேன். முன்னாலும் விழுந்ததில்லை என்று பிறகு ஞாபகம் வந்தது.

இத்தனையிலும் புளியை மட்டும் அவள் தொடவே இல்லை. "பத்தியத்துல உப்புதான சொன்ன? புளி சொல்லலேல்ல?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

கடைசி டிரிப் ஏறி, அடுத்து எடுத்த பரிசோதனைகளும் சுத்தமாக வந்து, இனி வருஷத்துக்குச் சில தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்ன அன்று, நாங்கள் மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அத்தை என் தோளைத் தட்டினாள்.

"பத்தியம் முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு."

"எல்லாம் திங்கலாமா?"

"எல்லாம்!" காது கேட்காது என்பதால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவள் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். என்ன செய்யட்டும் என்று கேட்டேன், பால்கோவா வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கொஞ்சம் புளிக்கொழம்பு வையி."

புளியை ஊறவைத்துக் கரைத்தேன். சின்ன வெங்காயம் போட்டு, எண்ணெய் மிதக்க வைத்தேன். தட்டில் சோற்றைப் போட்டு ஊற்றிவிட்டு, கரண்டியோடு எதிரில் நின்றேன். அத்தை மெதுவாகப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விழுங்கினாள். என்னை முறைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, உப்பு பத்தல."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு எரிச்சல். உப்பு மட்டும் வேண்டாம் என்று என்னை அழவைத்தவள் இவள். டப்பாவை எடுத்து வந்து டொக்கென்று அவள் முன்னால் வைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டு பிசைந்தபடி, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நான் வச்சதுல உப்பு சரியா இருந்துச்சு. நல்லாருக்குன்னுதான் சொன்னாக, அவுக."

பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.